தரையில் விட்ட வார்

தம்பி, இதை அம்மாவுக்கு நிறுத்தி நிதானமாகப் படித்துக் காட்டு. நடுவில் உன் சொந்தச் சரக்கைச் சேர்க்காதே. அப்பா பக்கத்தில் இருந்தால் டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல். இன்றைக்கு விரல்கள் தட்டச்சுக்கு வளைய மறுக்கின்றன, அதனால் போனிடம் பேசியே எழுதுகிறேன். விரலுக்கு ஒன்றுமில்லை, களைப்புதான். அம்மா பாதியில் அழ ஆரம்பித்துவிடக் கூடாது என்பதற்காக முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் கீழே விழவில்லை. ஒரு கீறல்கூட இல்லை.

அம்மா, மத்தியானம் நீ விடாமல் கூப்பிட்டாய். போன் என் சட்டைப் பையில் அதிர்ந்துகொண்டே இருந்தது. நான் எடுக்கவில்லை. அப்போது நான் ஒரு வாய்க்கால் கரையில், என் குதிரையைத் தனியாக விட்டுவிட்டு நடந்துபோய்க்கொண்டிருந்தேன். ஊரில் இப்படிச் செய்திருந்தால் அன்றைக்கே லாயத்தை விட்டுத் துரத்தியிருப்பார்கள். இங்கே என்ன ஆயிற்று என்பதை வரிசையாகச் சொல்கிறேன். இல்லாவிட்டால் நீ பாதியைக் கேட்டுவிட்டு மீதியை நீயே கற்பனை செய்துகொள்வாய்.

நான் வேலை பார்க்கும் இடத்தை உனக்கு வீடியோவில் காட்டியிருக்கிறேன். தகரக் கூரை போட்ட நீளமான லாயம், நடுவில் சிமெண்ட் நடை. இடது பக்கக் குதிரைகள் மேடத்துடையவை. வலது பக்கம் அவர் கணவருடையவை. அந்த மனிதர் தூங்கும்போதுகூடக் கழற்றமாட்டாரோ என்று தோன்றும்படி எப்போதும் ஓர் அகலத் தொப்பி போட்டிருப்பார், அதனால் எல்லோருக்கும் அவர் தொப்பிக்காரர். மேடம் இங்கிலீஷ் முறையில் சவாரி வகுப்பு எடுக்கிறார். தொப்பிக்காரர் வெஸ்டர்ன் முறை. சவாரி தெரியாத ஆட்களைத் தன் குதிரைகளில் ஏற்றி, பின்னாலிருக்கும் தோப்பைச் சுற்றிக் காட்டிக் கூட்டிவருவது அவர் தொழில். ஒரே கூரை, ஒரே வைக்கோல், ஒரே கல்யாணம். சேணம் வைக்கிற அறை மட்டும் இரண்டு.

“குதிரை மேல அவர் வைக்கிறது சேணமா, சோபாவான்னே தெரியல,” என்பார் மேடம்.

“உன்னோடது தட்டு. அதுவும் காலித் தட்டு. உக்காந்தா எலும்பு மட்டும்தான் மிச்சம்,” என்பார் இவர்.

இரண்டு பேருக்கும் முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. சண்டையைப் பார்த்தால் அறுபதாம் கல்யாணம் முடித்தவர்கள் மாதிரி இருக்கும்.

ஊரில் நான் கற்றது முழுக்க மேடத்தின் முறை. சின்னச் சேணம், இரண்டு கையிலும் வார். வார் என்றால் குதிரையின் வாயில் இருக்கும் கம்பியிலிருந்து நம் கைக்கு வருகிற தோல் பட்டை. எங்கள் முறையில் அது தொங்கவே கூடாது. கூட்டத்தில் குழந்தையின் கையைப் பிடித்து நடப்போமே, இறுக்காமலும் விட்டுவிடாமலும், அப்படி அந்த வாய் எப்போதும் நம் விரலில் இருக்க வேண்டும். குதிரை ஓட ஆரம்பித்தால் அதன் அடிக்கு ஏற்ப எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து போவோம். தம்பி நாற்காலியில் செய்துகாட்டிக் கேலி செய்வானே, அதுதான்.

தொப்பிக்காரர் பக்கம் எல்லாமே தலைகீழ். சேணம் அகலம், முன்னால் ஒரு கொம்பு. வார் ஒரே கையில், அதுவும் கொடியில் காயப்போட்ட கயிறு மாதிரித் தொய்ந்து கிடக்கும். திருப்புவதற்கு வாயை இழுப்பதில்லை. கழுத்தின் ஒரு பக்கம் வார் பட்டால் போதும், குதிரை மறுபக்கம் திரும்பிவிடும். நிற்க வேண்டுமென்றால் இடுப்பைத் தளர்த்தி அழுத்தி உட்கார்ந்து “ஹோ” என்றால் சரி. எங்கள் குதிரைகளுக்கு வாரில் ஒரு மெல்லிய பிடி இருந்தால்தான் நிம்மதி. அவர் குதிரைகளுக்கு வார் இறுகினாலே அது அதட்டல். நின்றுகொண்டிருக்கும்போது இறுகினால், ‘பின்னால் போ’ என்று அர்த்தம்.

இதெல்லாம் இப்போது அழகாகச் சொல்கிறேன். வந்த வாரத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது.

மேடத்தின் வகுப்புக்கு உதவியாகத்தான் என்னை எடுத்தார்கள். வந்த கொஞ்ச நாளிலேயே மேடம் தோள்பட்டை பிசகிக் கையைக் கட்டிக்கொண்டார், வகுப்பு நின்றுபோனது. அதே நேரத்தில் தொப்பிக்காரரிடம் ஆட்களைக் கூட்டிப்போகிறவர் வேலையை விட்டுப் போய்விட்டார். “சும்மாதானே இருக்கே, இந்தப் பக்கம் வா,” என்றார் தொப்பிக்காரர். சும்மா இல்லை, சாணி அள்ளிக்கொண்டிருந்தேன். இருந்தாலும் போனேன்.

எனக்குக் கொடுத்த குதிரை சாம்பல் நிறம், நரைத்த புருவம். ஒரு வேலையை இரண்டாவது தடவை சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பார்த்தவுடனே யார் ஞாபகம் வந்தது தெரியுமா? நம் பெரியப்பாதான். அதற்கு வேறு பெயர் இருக்கிறது, ஆனால் நான் பெரியப்பா என்றுதான் கூப்பிடுகிறேன். இங்கே யாருக்கும் ஏன் என்று தெரியாது. அங்கேயும் தெரிய வேண்டாம்.

ஏறி உட்கார்ந்தேன். பழக்க தோஷம், இரண்டு கையாலும் வாரைச் சேர்த்துப் பிடித்தேன். பெரியப்பா ஓரடி பின்னால் வைத்தார். குதிரை பின்னால் போகிறதே என்று பயந்து இன்னும் இறுக்கினேன். இன்னும் இரண்டடி பின்னால். கடைசியில் வைக்கோல் கட்டுமேல் அவர் பின்புறம் இடித்துத்தான் நின்றோம்.

“வண்டி ரிவர்ஸ் கியர்ல இருக்கும்மா, மாத்து!” என்று தொப்பிக்காரர் வேலியில் தொங்கிக்கொண்டு கத்தினார். “அதுக்கு ஏன் ரெண்டு கை? பஸ் ஓட்டறியா?”

அன்றிலிருந்து என் பெயர் ‘ரெண்டு கை’. ஏய் ரெண்டு கை, தண்ணி வெச்சியா. ரெண்டு கை, அந்த வாளியை எடு.

ஓட்டத்தில் எழுந்து உட்காரப் போய், முன்னாலிருந்த கொம்பு வயிற்றில் குத்தியதில் மூச்சு நின்றது. இன்னொரு நாள் அதன் கழுத்தில் ஈ கடித்துத் தடித்திருந்ததைப் பார்த்து, “ச்சு ச்சு, பாவம்டா” என்று உச்சுக்கொட்டினேன். அது பாட்டுக்குக் கிளம்பி நடக்க ஆரம்பித்துவிட்டது. நாக்கால் அந்தச் சத்தம் போட்டால் குதிரைக்குக் ‘கிளம்பு’ என்று பொருள். எனக்கும் தெரியும், இரண்டு முறைக்கும் அது பொதுதான். ஆனால் வாய் நம் வாயாயிற்றே. பாவப்பட்டால் உச்சுக்கொட்டத்தானே வரும்? அதற்கப்புறம் அந்த லாயத்தில் யாருக்காகவும் நான் சத்தமாகப் பாவப்படுவதில்லை.

இவற்றுக்கெல்லாம் சிரித்தார்கள், அவ்வளவுதான். வேலைக்கே ஆபத்தாக வந்தது வேறு.

தோப்புக்குள் நுழைகிற இடத்தில் ஓர் இரும்புக் கதவு உண்டு. அதன் சங்கிலி துருப்பிடித்தது, ஒரு கையால் மாட்ட வராது. போன வாரம் தனியாகப் போய்ப் பழகிக்கொண்டு திரும்பும்போது அங்கே இறங்கினேன். சங்கிலிக்கு இரண்டு கையும் வேண்டும், வாரை எங்கே வைப்பது? ஊரில் எங்களுக்கு மந்திரம் மாதிரி சொல்லிக்கொடுத்தது: வாரை விடாதே, கீழே விழுந்தாலும் விடாதே, தரையில் மட்டும் பட விடவே விடாதே. குதிரை அதை மிதித்துத் தலையைத் தூக்கினால் வாய் கிழியும். அதனால் நான் ரொம்பப் பொறுப்பாக, இரண்டு வாரையும் தூக்கிச் சேணத்துக் கொம்பில் சுற்றிவிட்டு, “ஒரு நிமிஷம் பெரியப்பா” என்று சொல்லிவிட்டுச் சங்கிலிப் பக்கம் திரும்பினேன்.

மாட்டிவிட்டுப் பார்த்தால் பெரியப்பா இல்லை. தூரத்தில் அவர் முதுகு மட்டும் தெரிந்தது, வேலை முடிந்து பஸ் ஸ்டாப்புக்குப் போகிறவர் நடையில்.

ஆளில்லாமல் சேணத்தோடு குதிரை மட்டும் லாயத்துக்கு வந்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? நான் மூச்சு வாங்க ஓடிப்போய்ச் சேர்வதற்குள், மேடம் ஒற்றைக் கையோடு கார் சாவியைத் தேடிக்கொண்டிருந்தார். தொப்பிக்காரர் தொப்பி இல்லாமல் நின்றிருந்தார். அவருக்கு வழுக்கை இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது.

“வாரை எங்க போட்டே?” என்று கேட்டார்.

“கொம்புல.”

“மேல போட்டா உன் வேலை முடிஞ்சுதுன்னு அர்த்தம். கீழ போட்டா இங்கயே நில்லுன்னு அர்த்தம். என் குதிரைங்க அப்படித்தான் பழகியிருக்கு.”

“கீழ போட்டா மிதிக்கும்!” என்றார் மேடம். “அந்தப் பொண்ணைக் கெடுக்காதீங்க. வாரைக் கையை விட்டு விடறதே தப்பு.”

“உன் வார் ரெண்டும் நுனியில சேர்ந்திருக்கும், காலு மாட்டும். என்னோடது தனித்தனி. ரெண்டு பக்கமும் விழுந்து கிடக்கும், மாட்டாது.”

“குதிரைக்கு வாய் ஒண்ணுதானே?”

நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தலையாட்டினேன்.

அதற்கப்புறம் மைதானத்தில் பழகிப் பார்த்தேன். பெரியப்பாவின் வாரைத் தரையில் விடுவேன். ஆனால் ஒரு கை தூரத்துக்கு மேல் என் கால் நகராது. “போட்டுட்டுப் போய் ஒரு டீ குடிச்சிட்டு வா,” என்றார் தொப்பிக்காரர். நான் இரண்டடி போய் மூன்றாவது அடியில் திரும்பி வந்து வாரை எடுத்துக்கொள்வேன். ஒவ்வொரு தடவையும். அது ஓடிவிடும், மிதித்துவிடும், வாய் கிழியும், கால்நடை மருத்துவர் வருவார், விசா போகும் என்று வரிசையாக எல்லாம் மனதில் ஓடும். என்னைத் தெரியுமே உனக்கு. பூட்டின கதவை மூன்று முறை இழுத்துப் பார்க்கிறவள்.

தொப்பிக்காரர் பொறுமை இழந்தார். “நான் ஆளுங்களை நம்பி அனுப்பணும். குதிரை தனியா வர்ற இடத்துக்கு எவன் வருவான்? ஞாயித்துக்கிழமை சின்னச் சுத்து, மூணு பேர் வர்றாங்க. நீ கூட்டிட்டுப் போ. போகும்போது நாலு பேர் நாலு குதிரை, வரும்போதும் நாலு பேர் நாலு குதிரை. ஒண்ணா வரணும். வந்தா வேலை உனக்கு நிரந்தரம். இல்லன்னா மன்னிச்சுக்கோம்மா, வேற ஆள் பாக்கணும்.”

அதை உன்னிடம் சொன்னேன். நீ உடனே சித்தியைக் கூப்பிட்டாய். இங்கே அவர் வீட்டில்தானே தங்கியிருக்கிறேன். சித்தி சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, தங்கள் சலவைக் கடையில் எனக்காக வைத்திருக்கும் நீல ஏப்ரனை எடுத்து மடியில் போட்டார்.

“துணி உதைக்காதுடி. துணி ஓடாது. துணிக்கு யாரும் பயந்து கத்த மாட்டாங்க.”

“எனக்குக் குதிரைதான் தெரியும் சித்தி.”

“குதிரைக்கு உன்னைத் தெரியணுமே. திங்கக்கிழமைக்குள்ள முடிவு பண்ணு. இஸ்திரிப் பக்கம் ஆள் இல்லாம சித்தப்பா பொழுதன்னிக்கும் என்னைத் திட்டறார்.”

சித்தி கெட்டவரில்லை. பயந்துகொண்டு குதிரை மேல் உட்காருவதைவிட, பயமில்லாமல் இஸ்திரிப் பெட்டி முன்னால் நிற்பது நல்லது என்று நினைக்கிறார். பாதி நாள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

இனி இன்றைய கதை.

வந்த மூன்று பேரும் ஒரே குடும்பம். ஓர் அண்ணன், அவர் மனைவி, அவர் தங்கை. அண்ணனுக்குக் குதிரையைவிடக் குதிரையில் இருக்கிற தன்னைப் படம் எடுப்பதில்தான் ஆர்வம். தங்கைக்கு வாய் ஓயாது. அண்ணி ஏறும்போதே கண்ணை மூடிக்கொண்டார். அவருக்கு அரிசிமூட்டை என்ற குதிரையைக் கொடுத்திருந்தேன். பெயரைப் பார்த்தாலே தெரியும், அவசரமே இல்லாதது. நான் ஒவ்வொரு குதிரையின் வயிற்றுப் பட்டையையும் இழுத்துப் பார்த்தேன். மறுபடியும் பார்த்தேன். மூன்றாவது முறை போனபோது அரிசிமூட்டை பெருமூச்சு விட்டது.

“ரெண்டு கை, கிளம்பு,” என்றார் தொப்பிக்காரர். மேடம் நடையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாரை ஒரு கையில லூசா புடிங்க. நிக்கணும்னா இழுக்காதீங்க, ஹோன்னு சொல்லுங்க,” என்று மூன்று பேரிடமும் சொன்னேன். மூன்று பேரும் தலையாட்டினார்கள். இதில் தலையாட்டலுக்கு மதிப்பே கிடையாது. நானும் அப்படித்தான் ஆட்டினேன்.

பயப்படுகிறவரை எனக்கு நேர் பின்னால்தான் வரச்சொல்ல வேண்டும். அப்படித்தான் அண்ணியை வைத்திருந்தேன். தோப்பு தாண்டும்வரை எல்லாம் நன்றாகவே போனது. காய்ந்த இலை மிதிபடும் சத்தம், சேணத் தோல் முனகும் சத்தம், நடுநடுவே தங்கையின் குரல்.

“அண்ணி, நீங்க குதிரையை ஓட்டறீங்களா, அது உங்களை ஓட்டுதா?”

“உங்கண்ணனையே இத்தனை வருஷம் ஓட்டறேன். இதை ஓட்ட மாட்டேனா?”

“அவன் புல் திங்க நிக்க மாட்டானே.”

“போன் பார்க்க நிப்பாரு. ரெண்டும் ஒண்ணுதான்.”

“என்னை ஏண்டி நடுவுல இழுக்கறீங்க?” என்றார் அண்ணன், போனை உயரத் தூக்கிப் படம் எடுத்தபடியே.

அண்ணி சிரித்ததைக் கேட்டு எனக்கும் தோள் இறங்கியது. வாய்க்கால் கரைக்கு வந்தோம். அங்கே பாதை குறுகல். ஒரு பக்கம் முள்வேலி, மறுபக்கம் சிமெண்ட் சரிவு, கீழே முழங்கால் அளவு தண்ணீர். ஒன்றன்பின் ஒன்றாகத்தான் போக முடியும். நான் முன்னால் அதற்குள் நுழைந்தேன். திரும்பிப் பார்க்க வேண்டிய இடத்தில், கல் இருக்கிறதா என்று தரையைப் பார்த்துக்கொண்டு போனேன். அந்த நேரத்தில் அரிசிமூட்டை, பாதை குறுகுவதற்குச் சற்று முன்னாலேயே, கரையோரப் புல்லில் வாயை வைத்து நின்றுவிட்டது. தங்கையின் குதிரையும் அண்ணனின் குதிரையும் அதைத் தாண்டி என் பின்னால் வந்துவிட்டன. அண்ணி கடைசியாகிவிட்டார். தங்கை கத்தியபோதுதான் எனக்கே தெரிந்தது.

“அக்கா! எங்க அண்ணி பின்னாடி போறாங்க!”

திரும்பினேன். புல்லிலிருந்து தலையைத் தூக்க அண்ணி வாரை இழுத்திருக்கிறார். தலை தூக்கியது. ஆனால் அவர் இழுப்பதை நிறுத்தவில்லை. அரிசிமூட்டை சொன்ன பேச்சைக் கேட்டு ஓரடி பின்னால் வைத்தது. அவர் பயந்து இரண்டு கையாலும் நெஞ்சுவரை இழுத்தார். இன்னும் ஓரடி. அதன் பின்புறம் மெதுவாகச் சரிவுப் பக்கம் கோணிக்கொண்டிருந்தது.

“பிரேக்கைப் புடி! பிரேக்கைப் புடி!” என்று கத்தினார் அண்ணன்.

“புடிச்சிட்டுத்தான் இருக்கேன்! புடிக்கப் புடிக்க ரிவர்ஸ் போகுது!”

என்னால் பெரியப்பாவைத் திருப்பிக்கொண்டு போக முடியாது. நடுவில் இரண்டு குதிரைகள், நகர இடமில்லை. இடித்துக்கொண்டு நுழைந்தால் அவை ஒன்றையொன்று உதைக்கும், உதைத்தால் அரிசிமூட்டை நேராக வாய்க்காலில். பெரியப்பாவைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து போனாலும் அதேதான். ஆளாக மட்டும்தான் போக முடியும்.

இறங்கினேன். கையில் வார். சட்டைப் பையில் போன் அதிர ஆரம்பித்தது. நீதான். ஞாயிற்றுக்கிழமை அந்த நேரத்துக்கு வேறு யார்?

மேலே போட்டால் பெரியப்பா வீட்டுக்குக் கிளம்பிவிடுவார், குதிரை மட்டும் தனியாகப் போய்ச் சேரும், வேலை போச்சு. கீழே போட்டால்... எனக்குச் சொல்லிக்கொடுத்த எல்லாமே அதைச் செய்யாதே என்றது. வார் என் உள்ளங்கையில் வியர்வையோடு ஒட்டியிருந்தது.

விரலை விரித்தேன். இரண்டு வாரும் பெரியப்பாவின் முன்கால்களின் இரண்டு பக்கமும் விழுந்தன. அவர் அதைக் குனிந்து பார்த்தார். நான் திரும்பி நடந்தேன்.

ஓடவில்லை, ஓடினால் மற்றக் குதிரைகள் மிரளும். முள்வேலியை உரசிக்கொண்டு தங்கையின் குதிரையைத் தாண்டினேன், அண்ணனின் குதிரையைத் தாண்டினேன். பின்னால் குளம்புச் சத்தம் கேட்கிறதா என்று காது முழுக்க முதுகிலேயே இருந்தது. போன் நின்று மறுபடி அதிர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை அம்மா. எப்படிப் பார்க்காமல் இருந்தேன் என்று எனக்கே தெரியவில்லை.

அண்ணியின் முகம் வெளுத்திருந்தது. கடிவாளக் கம்பி இறுகி, அரிசிமூட்டை வாயைத் திறந்து வைத்திருந்தது. அதற்கும் என்ன செய்வதென்று புரியவில்லை. பின்னால் போகச் சொல்கிறார்கள், போனால் அதற்கும் இழுக்கிறார்கள்.

“கையை விடுங்க” என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். பிறகுதான் எனக்குத் தோன்றியது, அதை என்னிடம் யாராவது சொல்லி நான் எப்போதாவது விட்டிருக்கிறேனா?

“அக்கா, அதோட காதைத் தொடுங்க,” என்றேன்.

“என்னது?”

“ரெண்டு காதுக்கும் நடுவுல ஒரு வெள்ளைச் சுழி இருக்கு பாருங்க. அதைத் தொடப் போற மாதிரி கையை நீட்டுங்க. வாரோடவே நீட்டுங்க, விட வேண்டாம்.”

“இந்த நேரத்துல சுழி பாக்கச் சொல்றீங்களே!”

“பாருங்க. இருக்கா இல்லையா?”

அவர் குனிந்து கையை முன்னால் நீட்டினார். வார் தொய்ந்தது. அரிசிமூட்டை வாயை மூடியது. பின்னங்கால் ஒன்று சிமெண்ட் விளிம்பில் இருந்தது, அப்படியே நின்றது. எல்லாமே நின்றது. வாய்க்கால் தண்ணீர் ஓடுவது அப்போதுதான் கேட்டது.

அதை முன்னால் வரவைக்க வேண்டும். நான் பக்கத்தில் போய் நின்று நாக்கைத் தட்டினேன். ச்சு ச்சு.

“எனக்காக உச்சுக்கொட்டாதீங்க!” என்று அண்ணி அழுகைக்கு நடுவில் சீறினார். “நான் ஒண்ணும் பாவம் இல்ல!”

“உங்களுக்கு இல்லக்கா, குதிரைக்கு.”

அரிசிமூட்டை ஓரடி முன்னால் வைத்தது, இன்னோரடி, பாதைக்கு வந்துவிட்டது. தங்கை குதிரை மேலேயே குனிந்து சிரிக்க ஆரம்பித்தாள். அண்ணன், “அப்போ பிரேக்கு எங்கதான் இருக்கு?” என்று கேட்டார்.

“அவ்ளோதானா?” என்றார் அண்ணி, தன் கையையே பார்த்துக்கொண்டு.

“அவ்ளோதான்க்கா.”

அதற்கப்புறம்தான் திரும்பினேன். இருந்தார் பெரியப்பா. விட்ட இடத்தில், விட்ட மாதிரியே. ஒரு பின்னங்காலைத் தளர்த்தி, கீழ் உதடு தொங்க, ஒரு காதை மட்டும் என் பக்கம் திருப்பி வைத்திருந்தார். வார் இரண்டும் தரையில் அப்படியே கிடந்தன. நான் போய் எடுத்தபோது, இவ்வளவு நேரம் எங்கே போனாய் என்பது போல மூக்கால் என் தோளை ஒரு தள்ளு தள்ளினார். அவர் கழுத்தை ஒரு தட்டுத் தட்டினேன்.

“அது ஓடிடும்னு உங்களுக்குப் பயமே இல்லையா?” என்று தங்கை கேட்டாள்.

“இருந்துச்சு.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, உங்க அண்ணி முக்கியமாச்சே.”

“கேட்டுக்கோ,” என்றார் அண்ணி தன் கணவரைப் பார்த்து. “இன்னிக்குப் பார்த்த பொண்ணு சொல்லுது.”

அண்ணியை மறுபடி எனக்குப் பின்னால் வைத்துக்கொண்டு மிச்சத்தைச் சுற்றி வந்தோம். நான்கு பேர், நான்கு குதிரைகள். இரும்புக் கதவில் இறங்கி, வாரைத் தரையில் விட்டுச் சங்கிலியை மாட்டினேன். அப்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், இரண்டு முறை.

தொப்பிக்காரர் முற்றத்திலேயே நின்றிருந்தார். விரலால் எண்ணினார், நானே பார்த்தேன். எல்லாம் சரியாக வந்துவிட்டது என்று நான் மூச்சு விடுவதற்குள் அண்ணன் போனை நீட்டி, “சார், செம சீன் சார், உங்க லாயத்துப் பொண்ணு குதிரையைத் தனியா விட்டுட்டு நடந்து வந்து என் வீட்டுக்காரியைக் காப்பாத்தினாங்க சார்,” என்று முழு வீடியோவையும் போட்டுக் காட்டிவிட்டார். மனைவி வாய்க்காலில் விழப்போகும்போதும் அந்த மனிதர் படம் எடுத்திருக்கிறார்! அண்ணியின் முகம் போன போக்கைப் பார்த்தால் வீட்டில் இன்றைக்கு அண்ணனுக்குச் சாப்பாடு கிடைத்திருக்காது.

மேடம் ஒற்றைக் கையால் போனை வாங்கிப் பார்த்தார். “குதிரையை விட்டுட்டு இறங்கினியா?” என்றார். குரல் கனத்திருந்தது. “வாரைத் தரையில போட்டுட்டு?”

“ஆமா மேடம்.”

“தரையில!” என்றார் தொப்பிக்காரர், உலகக் கோப்பையை ஜெயித்த மாதிரி.

“நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அவ பின்னால வந்தவங்க வரிசை மாறினதை ஏன் பாக்கல, அதைக் கேளுங்க.”

கேட்டார். கல்லைப் பார்த்தேன், ஆளைப் பார்க்கவில்லை என்று சொன்னேன். அவர் தொப்பியைக் கொஞ்சம் ஏற்றிவிட்டுக்கொண்டு, “அடுத்த தடவை ஆளைப் பாரு. கல்லைக் குதிரை பாத்துக்கும்,” என்றார்.

அடுத்த தடவை. அந்தச் சொல்லைக் கேட்டேனா இல்லையா என்று எனக்குச் சந்தேகம். அங்கேயே நின்றேன்.

“என்ன நிக்கறே? சேணத்தை இறக்கு. நாளைக்குக் காலைல வந்து கையெழுத்து போடு.”

மேடம் வீடியோவை இன்னொரு முறை ஓட்டினார். கை நீட்டுகிற இடத்தில் நிறுத்திப் பார்த்தார். பிறகு போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, “என் குதிரைங்க கிட்ட வாரைக் கீழ விட்டே, தொலைஞ்சே,” என்றார். “தோள் சரியானதும் வகுப்பு தொடங்குது. காலைல ரெண்டு கை, சாயங்காலம் ஒரு கை. குழப்பிக்க மாட்டியே?”

“குழப்பிப்பேன் மேடம். கொஞ்ச நாளைக்கு.”

மேடம் சிரித்துவிட்டார். தொப்பிக்காரர் லாயத்துக்குள் போய்க்கொண்டே, “ஏய் ஒண்ணரைக் கை, தண்ணி வெச்சியா?” என்று குரல் கொடுத்தார். பதவி உயர்வு என்று வைத்துக்கொள்.

இப்போது சித்தி வீட்டு மாடிப்படியில் உட்கார்ந்துதான் இதைச் சொல்கிறேன். கீழே சித்தி ஏப்ரனை மடித்து அலமாரியில் வைக்கிற சத்தம் கேட்கிறது. கதவைக் கொஞ்சம் அழுத்தித்தான் சாத்துகிறார். வேலை முடிந்து வந்து இஸ்திரிக்கு ஒரு கை கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். “எந்தக் கை? அந்த அரைக் கையா?” என்கிறார். பரவாயில்லை, சரியாகிவிடுவார்.

அம்மா, ஒன்றே ஒன்று. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கூப்பிடாதே. போனை அறையில் வைத்துவிட்டுத்தான் போகப்போகிறேன். நீ கூப்பிட்டால் யாரும் எடுக்க மாட்டார்கள், எடுக்காவிட்டால் நீ பயப்படுவாய், பயந்தால் சித்தியைக் கூப்பிடுவாய். குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்து முடித்ததும் நானே கூப்பிடுகிறேன். கொஞ்சம் தாமதமானாலும் கூப்பிடுவேன்.

தம்பி, அம்மா என்ன சொன்னார் என்று அப்படியே அனுப்பு. பெரியப்பா வீட்டுக்கு வந்தால் இதைப் படித்துக் காட்டாதே. ரொம்பக் கேட்டால், இங்கே ஒருவர் அவரை மாதிரியே இருக்கிறார், ரொம்ப நம்பிக்கையானவர் என்று மட்டும் சொல்.